ஏழு சாக்கு

"காரை விட்டுட்டு வாரத்துல எத்தனை நாள் நடந்து போறீங்க?"

ஜெனித் பேனாவோடு காத்திருந்தான். ஜெர்மனியில் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி செய்கிறவன். லீவுக்கு நாகர்கோவில் வந்தவனைப் பிடித்து, 'பசுமைக் குடும்பம்' போட்டிக்கு நடுவராக்கிவிட்டது நகர் நலச் சங்கம். முதல் பரிசு, ஒரு லேடீஸ் சைக்கிள்.

முத்துக்கனிக்கு அந்த சைக்கிள் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் சுபிதா நாலு கிலோமீட்டர் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

"காரு ஏது பிள்ளே? நாங்க எல்லா நாளும் நடைதான்."

"கார் இருந்து, அதை விட்டுட்டு நடந்தாத்தான் மார்க்."

"அப்பம் மொதல்ல ஒரு காரு வாங்கணுமோ?"

ஜெனித் பூஜ்யம் போட்டான்.

"ஏசியை எத்தனை டிகிரியில வைப்பீங்க?"

முத்துக்கனி அண்ணாந்து தகரக் கூரையைப் பார்த்தாள். "அத வைக்கது சூரியன்லா."

பூஜ்யம்.

"இறைச்சியை வாரத்துல எத்தனை நாள் விலக்குறீங்க?"

"நாங்க எங்க விலக்க? வெலையக் கேட்டா அதுவே விலகிப் போவுது."

மூன்றாவது பூஜ்யம். ஜெனித்துக்குப் பொறுமை போய்விட்டது. "ஜெர்மனி மாதிரி நாடுகள்ல எல்லாரும் தானா முன்வந்து வசதியைக் குறைச்சுக்கிடறாங்க. பெரிய டாக்டரே சைக்கிள்ல போவார். இங்கே விழிப்புணர்வே இல்லை."

"வெள்ளைக்காரன் நடந்தா விழிப்புணர்வு. நாங்க நடந்தா பஸ்ஸுக்குத் துட்டு இல்ல. அப்பிடித்தானே பிள்ளே?"

அந்தப் பதிலை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. எழுந்து வீட்டின் பின்பக்கம் போனான். போனவன் அலறிவிட்டான்.

சுவரோரம் ஏழு சாக்கு பிளாஸ்டிக். பால் கவர், பார்சல் டப்பா, தண்ணீர் பாட்டில்.

"என்னம்மா இது!"

"பழைய சாமான் வாங்குத ஆக்கர்காரன்கூட இத எடுக்க மாட்டேங்கான். அது வந்து பிள்ளே..."

"காரணம் எழுதக் கட்டம் கிடையாதும்மா." நாற்பது மார்க்கைக் கழித்தான். "சத்தியபாய் டீச்சர் வீட்டைப் போய்ப் பாருங்க. மாடியில சோலார். ஒரு துண்டு பிளாஸ்டிக்கைக் காட்டுங்க பார்ப்போம்! படிச்சவங்க வீடுன்னா அப்படித்தான்."

முத்துக்கனி திறந்து கிடந்த ஒரு சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, கைதட்டலுக்கு நடுவே சத்தியபாய் டீச்சர் சைக்கிளை வாங்கிக்கொண்டார். அவருக்கு முட்டுவலி, சைக்கிள் விடவும் தெரியாது. அதைக் காருக்குப் பக்கத்தில் அழகாக நிறுத்திவைத்தார்.

திங்கட்கிழமை காலை. டீச்சர் வீட்டில் பாத்திரம் கழுவி, தரை துடைத்துவிட்டுக் கிளம்பிய முத்துக்கனியை டீச்சர் கூப்பிட்டார். புதுச் சைக்கிளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை எல்லாம் உரித்து, ஒரு சாக்கில் திணித்து, வழக்கம்போல் அவள் தலையில் ஏற்றிவிட்டார்.

"மத்த ஏழு சாக்கோட இதையும் உனக்க வீட்டுல போட்டிரு மக்கா. பரிசு வாங்குன வீட்டுல குப்பை கிடக்கப்பிடாதுல்லா?"