அதிராத சீட்

சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் எழில், தன் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தூரில் ஒரு மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனான். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளைக் கழற்றிவிட்டுக் கெட்டியானவற்றை மாட்டச் சொன்னான்.

மெக்கானிக் மாரிக்கண்ணன் தயங்கினான். “கியர் சுத்தமா விழும்ணே. ஆனா அதிர்வு அம்புட்டும் உள்ள வரும். கூட உக்காருறவகளுக்குக் கஷ்டம்.”

“இனிமே நான் மட்டுந்தானலே உக்காரப் போறேன்.”

மாரிக்கண்ணன் ஸ்பானரை எடுத்தான். எழிலின் மனைவி ஓவியா பட்டாசு விபத்தில் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. இன்ஜினை ஓடவிட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. கண்ணாடிகளும் எழில் உட்கார்ந்திருந்த சீட்டும் நடுங்கின. பக்கத்து சீட் மட்டும் அசையவில்லை. மாரிக்கண்ணன் அதன் போல்ட்டுகளைச் சோதித்தான். எல்லாம் சரியாக இருந்தன. சீட்டின் ஓரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தான். தண்ணீரில் சிறு வட்டம்கூட எழவில்லை.

“பழசையே மாட்டிருவமாண்ணே?” என்று மெல்லக் கேட்டான்.

எழில் டம்ளரை மெல்ல எடுத்து அவனிடம் கொடுத்தான்.

“மாட்டிரு. வண்டி குலுங்குனா அவளுக்கு ஆகாது.”

சாயங்காலம் கிளம்பும்போது மாரிக்கண்ணன், “பைய போங்கண்ணே” என்றான். எழில் தலையாட்டினான். பிறகு கையை நீட்டிப் பக்கத்து சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான்.

பெல்ட் சீட்டில் படியவில்லை. ஒரு சாண் முன்னால், சற்றே வளைந்து நின்றது.