கடைசி இடத்துக்கு ஆள்

“வெறும் பேப்பரைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க சார்! அந்த வயசுக்காவது பொறுப்பு வேண்டாமா?”

புது விரிவுரையாளர் விடைத்தாளைத் துறைத்தலைவரின் மேஜையில் பொத்தென்று போட்டார். பெயரைத் தவிர அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

வகுப்பில் அந்தம்மாவுக்கு ‘ஃபெயில் அக்கா’ என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர். வருஷா வருஷம் இதே புள்ளியியல் பாடத்தில் சேருவார்; வருஷா வருஷம் பரீட்சையில் கோட்டை விடுவார்.

“மக்குன்னா விட்டுடலாம் சார். நான் போர்டுல தப்பாப் போட்டாக்கூட அவங்கதான் திருத்துறாங்க. அத்தனையும் திமிரு!”

துறைத்தலைவர் அசையவில்லை. விதி என்றால் விதி என்று நிற்கிற மனுஷர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘கத்தரிக்கோல்’.

“கடைசி இடம்தானே? ஃபெயில் போடுங்க.”

இந்தப் பல்கலைக்கழகத்தில் கிரேடு மார்க்குக்குக் கிடையாது, வரிசைக்குத்தான். முதலில் நிற்பவர்களுக்கு ‘ஏ’. கடைசி ஆள் தொண்ணூறே வாங்கியிருந்தாலும் ஃபெயில்.

“மனசு கேக்கல சார். கூப்பிட்டு மறுபடி எழுதச் சொல்றேன். எழுதினா அவங்கதான் முதல்.”

“தாராளமா. அப்போ கடைசி யாரு?”

விரிவுரையாளர் யோசித்தார். “நம்ம நெட்டையன் சார். வேலைக்கும் போய்க்கிட்டுப் படிக்கிறானே, அவன். அறுபத்திரண்டு வாங்கியிருக்கான், பாவம்.”

“அவன் ஃபெயிலானா?”

“உதவித்தொகை நின்னுடும். அப்புறம் படிப்பு எங்கே…”

மேஜையில் கிடந்த வெறும் பேப்பரை இரண்டு கையாலும் எடுத்தார்.

“சார்… அப்போ அந்தம்மா வேணும்னேதான்… யாரோ பெத்த பிள்ளைக்காக, ஒவ்வொரு வருஷமும்…”

அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. “இப்படியும் ஒரு பிறவியா! திமிருன்னு சொன்னேனே, என் வாயைக் கழுவணும்.”

“இந்த விதியை எடுத்துடுங்கன்னு நானும் மேலிடத்துல மோதிப் பார்த்தேன்,” என்றார் துறைத்தலைவர் மெதுவாக. “மசியல. ஒரு தடவை, நல்லாப் படிச்ச பொண்ணு ஒருத்திக்கு என் கையாலேயே ஃபெயில் போட்டேன். அன்னைக்கு வீட்ல சோறு இறங்கல. புலம்பித் தள்ளிட்டேன்.”

“யார்கிட்ட சார்?”

அதற்குள் கதவு திறந்தது. ஃபெயில் அக்கா தலையை நீட்டினார்.

“என்னங்க, வீட்டுக்குக் கிளம்பலாமா? இந்த வருஷமும் நான்தானே கடைசி?”