பிறவுணி யாருடையது

கொன்ஸ்தாபல் நாய்க்குக் கிட்டப் போகாமல், பேனையால் காட்டிக் கேட்டார்.

"மே காகெத?"

இது யாருடையது என்று. வெள்ளவத்தையில் முப்பது வருடம் இருக்கிறவளுக்கு அந்த அளவு சிங்களம் விளங்கும். ஆனாலும் கௌரி விளங்காத மாதிரி நின்றாள்.

பிறவுணி கேட்டுக்கு வெளியே, குழாயடி ஈரத்தில் படுத்திருந்தது. ஊரில் என்றால் இதற்கு ரைகர் என்று பெயர் வைத்திருப்பாள். கொழும்பில் ஒழுங்கைக்குள் நின்று புலி என்று அர்த்தம் வருகிற அந்த இங்கிலிஷ் பெயரைச் சொல்லிக் கூப்பிட எந்தத் தமிழருக்குத் துணிவு வரும்? பேசாமல் பிறவுணி என்று வைத்துவிட்டாள்.

ஏழு வருடமாக இரண்டு நேரச் சோறு. மழைக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய சாக்கு. ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். எழுத்தில்தான் எங்கேயும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் அது பைறோஸாவின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது.

பைறோஸா பக்கத்து வீட்டுக்காரி. நோன்பு தொடங்கிய நாளிலிருந்து தினமும் ஒரு தூக்குச் சட்டி கஞ்சி கொண்டுவந்து கௌரியின் கையில் தந்துவிட்டுப் போகிறவள். இத்தனை நாளும் வாலை ஆட்டிய நாய், நேற்று மட்டும் ஏன் பாய்ந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. சிந்திய கஞ்சி கேட்டடியில் இன்னும் காய்ந்து கிடந்தது.

ஊசி போட்ட நாயா என்றுதான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டார்களாம்.

போடவில்லை. அது கௌரியின் பிழை. அவளுக்கே அது தெரியும்.

போன வருடம் நாய்களுக்கு ஊசி போட வீடு வீடாக ஆட்கள் வந்தார்கள். பாவம், நல்ல மனிதர்கள். ஆனால் கையில் படிவம் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர் என்ன, எத்தனை பேர், எத்தனை நாய். படிவத்தோடு யாராவது கேட்டடிக்கு வந்தால் கௌரியின் வாய் யோசிக்காமலே சொல்லிவிடும், இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று. ஒழுங்கையில் அரைவாசித் தமிழ் வீடுகளுக்குச் சண்டைக் காலத்தில் பிடித்த வருத்தம் இது. அன்றைக்கும் அதையே சொல்லி அனுப்பிவிட்டாள். பிறவுணி அந்த நேரம் அவளுடைய காலடியில்தான் நின்றது.

மேல்மாடிப் பொன்னம்பலம் சாரத்தோடு இறங்கி வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். நாற்பது வருடம் சட்டத்தரணியாக இருந்தவர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஓம் எண்டு சொல்லிப்போடாதையும் கௌரி. நீர் வளர்த்த நாய் எண்டு சைன் வைச்சா, நாளைக்குக் கோட்டிலை நீர்தான் பதில் சொல்லோணும். ஒருத்தற்றையும் இல்லாத நாயெண்டா கேஸே இல்லை."

அவர் சொன்னதில் பிழையில்லை.

ஒழுங்கையின் மற்றப் பக்கத்தில் பைறோஸாவின் புருஷன் பாயிஸ் நின்றான். இரவு முழுக்க நித்திரை இல்லாத கண்கள்.

"எங்களுக்குச் சல்லி ஒண்டும் வாணாம் அக்கா. ரெண்டு கெழம நாயக் கட்டி வெச்சுப் பாக்கணுமாம், டொக்டர் செல்றாரு. ஆள் இல்லாத நாயண்டா யாரு பாக்குற?"

ஆள் இல்லாவிட்டால் இன்றைக்கே வாகனம் வந்து ஏற்றும், அதற்குப் பிறகு தங்களிடம் கேட்கக்கூடாது என்று கொன்ஸ்தாபல் முதலே சொல்லிவிட்டார். கொண்டுபோன இடத்தில் அது செத்ததா, இருந்ததா என்று ஒரு தகவலும் வராது. பைறோஸா ஊசிகளைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமலே பயந்துகொண்டு இருக்க வேண்டியதுதான்.

அப்படித் தெரியாமல் இருப்பது எப்படியென்று கௌரிக்குத் தெரியும்.

ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. பொலிஸ் கொப்பியில் பெயர், அடையாள அட்டை நம்பர், கையெழுத்து. இல்லை என்று சொல்வது லேசு. சிங்களத்திலும் அது ஒரு சொல்தான். பொலிஸிடம் முன்பும் ஒரு தரம் சொல்லியிருக்கிறாள்.

இதே கேட். இரண்டாயிரத்து ஏழு. இதே மாதிரி ஒரு கொப்பி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பொலிஸ் பதிவில் பெயர் கொடுக்காமல் மூன்று கிழமையாக அவளுடைய வீட்டில் இருந்தவன், காலையில் பாண் வாங்கப் போன இடத்தில் பிடிபட்டான். கேட்டடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பேனையால் அவனைக் காட்டி, உங்கள் வீட்டு ஆளா என்று கேட்டார்கள். உள்ளே இரண்டு வயது மகள் அழுதுகொண்டிருந்தாள். கௌரி இல்லை என்றாள். அவனும் அவளை முன்பின் தெரியாதவன் போல நிலத்தைப் பார்த்தான். பாண் பையை மட்டும் மதிலில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினான்.

உமாசுதன். அவளுடைய ஒரே தம்பி.

கொன்ஸ்தாபல் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தரம் கேட்டார்.

"மகே" என்றாள் கௌரி. என்னுடையது.

பொன்னம்பலம் தலையில் கை வைத்தார். பாயிஸ் கண்ணை மூடித் திறந்தான். கொன்ஸ்தாபல் குனிந்து எழுதத் தொடங்கினார். அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆனாலும் கௌரி இன்னொரு தரம் சொன்னாள். இந்த முறை தமிழில், அன்றைக்கு ஜீப் திரும்பிய ஒழுங்கை முனைவரை கேட்கிற மாதிரி.

"எங்கட வீட்டு ஆள்தான்."