தனபால் ஏற்பாடு செய்த அழுகை

குடிசைக்காரர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று சொல்லி, மர்பி டவுனில் கார்ப்பரேஷன் தேர்தலுக்கு நின்றார் தனபால். இரண்டும் எங்கிருந்து வரும் என்று அவருக்கே தெரியாது.

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களா ஒன்று காலியாகக் கிடந்தது. சொந்தக்காரர் வாடகையைக் குறைக்க மறுத்தார். கூத்தில் பெண் வேஷம் கட்டும் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார் தனபால்.

“ராத்திரியில அங்க போயி பொம்பள குரல்ல அழு. பேய் வீடுன்னு பேர் வந்துட்டா வாடகை தானா இறங்கும்.”

அந்த வாரமே தெருவெல்லாம் அழுகை கேட்டது. சொந்தக்காரர் மிரண்டுபோய்ச் சொற்ப வாடகைக்குச் சம்மதித்தார். “எல்லாம் என் ஏற்பாடுதான்” என்று தனபால் காதைக் கடித்ததால், ஜனங்கள் தைரியமாகக் குடியேறினார்கள். கூடம் பள்ளிக்கூடமானது. தனபாலும் ஜெயித்தார்.

மாலையோடு ஏகாம்பரத்தைத் தேடிப் போனார். “பிரமாதமா அழுதே தம்பி!”

“நான் எங்கண்ணே அழுதேன்? பயந்துபோயி கோலார்ல தங்கச்சி வீட்டுக்கில்ல ஓடிட்டேன்!”

தனபால் பங்களாவுக்கு ஓடினார். உள்ளே பிள்ளைகள் இங்கிலீஷ் பாட்டை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“யாரு பாடம் எடுக்கறது?” என்று அங்கே குடிவந்து வாசலில் நின்ற முத்தம்மாவிடம் கேட்டார்.

“நீங்க ஏற்பாடு பண்ண வெள்ளைக்காரம்மாதாண்ணே. பசங்க வந்ததும் அழுகைய நிறுத்திட்டாங்க. சம்பளமும் வேணாமாம். பாவம், ரெண்டு காலும் இல்லாம எப்படித்தான் நாள் தவறாம வர்றாங்களோ!”