வாகனமில்லாத ஊர்

"இன்னும் ஒரு கட்டுப் போடுங்க. கண்ணாடி மின்னுது" என்றாள் மஸீஹா.

அவள் கணவர் நுஹ்மான் வைக்கோலை அள்ளித் தன் சிவப்பு த்ரீவீலரின் மேல் போட்டார். மாட்டுக் கொட்டிலுக்குள் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. பக்கத்தில் நின்ற பசு, அவ்வளவும் தனக்குத்தான் என்று எண்ணித் தின்னத் தொடங்கியது.

களவெடுத்த வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். பத்து வருசமாக அதைச் சீகிரியாவில் ஓட்டுகிறார். லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அன்றைக்கு அவர் வண்டியை ஒளித்தது பிரதேச சபை உறுப்பினர் மேனகா வருகிறார் என்பதற்காக.

மாகாணப் போக்குவரத்துத் திட்டத்தைப் புதுப்பித்து எழுதியிருந்தார்கள். லக்கலப் பக்கத்திலுள்ள இந்த அறுபது வீட்டு ஊருக்கும் ஒரு பஸ் என்று அதில் ஒரு வரி இருந்தது. திட்டத்துக்கு ஆதரவு கொடுப்பதா இல்லையா என்று சபை அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு நாவுலயில் கூடி முடிவெடுக்கும். அதற்கு முன் ஊரைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மேனகா சொல்லியிருந்தார்.

வேறோர் ஊருக்குப் போன யாரோ ஓர் உறுப்பினர், அங்கே நின்ற இரண்டு வேன்களைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் வாகனம் இருக்கே" என்று திரும்பிவிட்டாராம். அந்தக் கதை காதில் விழுந்ததும் ஊரிலிருந்த மூன்று மோட்டார் சைக்கிள்களும் அடுப்படிகளுக்குள் போய்விட்டன. மிஞ்சியது நுஹ்மானின் வண்டிதான்.

விடியுமுன் சீகிரியாவுக்குப் போனால்தான் நுஹ்மானுக்குப் பிழைப்பு. அதனால் உயர்தரம் படிக்கும் மகள் பஸ்லா, நாவுல பஸ்ஸுக்காக மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடப்பாள். வழியில் யானை நின்றால் திரும்பி வந்துவிடுவாள். அன்று காலையும் வந்துவிட்டாள், அந்த மாதத்தில் ஏழாவது தடவை. இப்படியே போனால் பிள்ளையின் படிப்பு நின்றுவிடும் என்று நுஹ்மான் பயந்துகொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு மேனகா தனியாக வந்து சேர்ந்தார். முந்தின இரவு நல்ல மழை. வாசலில் பஸ்லாவின் வெள்ளைச் சப்பாத்து சேற்றோடு காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தன் பளபளக்கும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"மெயின் ரோட்டுல இருந்து நடந்தே வந்தேன் நானா. அம்மாடி! இதைத்தான் இன்னைக்குக் கூட்டத்துல சொல்லப் போறேன்."

மஸீஹா இஞ்சி போட்ட தேத்தண்ணியோடு ஓடி வந்தாள்.

"ஊர்ல ஒரு வாகனமும் இல்லையா?"

"சைக்கிள்கூட இல்ல மிஸ்" என்றார் நுஹ்மான்.

கொட்டிலில் பசு தின்னத் தின்ன, வைக்கோலுக்கு நடுவே சிவப்பு தெரியத் தொடங்கியது. மஸீஹா ஒரு படுக்கை விரிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கொட்டில் வாசல் கொடியில் விரித்துப் போட்டாள். நல்ல வேளை, மேனகா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்து எழும்பியபோது மணி பன்னிரண்டே கால்.

"அப்ப நான் வர்றேன் நானா. பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிச்சிர்றேன். ரெண்டு பக்கமும் சரிக்குச் சரியா நிக்கிறாங்க. என் ஒரு கை இல்லைன்னா திட்டம் விழுந்துரும்."

நுஹ்மானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால் மணித்தியாலத்தில் மூன்று கிலோமீட்டர் நடக்க யாரால் முடியும்? அடுத்த பஸ் நாலு மணிக்கு.

"பஸ் போயிருமே மிஸ்!"

"நான் வேகமா நடப்பேன். யாரும் கூட வர வேணாம், நீங்க இருங்க" என்று மேனகா அவசர அவசரமாகச் செருப்பை மாட்டினார்.

வண்டியைக் காட்டினால் பொய் வெளிக்கும், ஊருக்கு வர இருக்கும் பஸ் கைவிட்டுப் போகும். காட்டாவிட்டால் அவர் கூட்டத்துக்குப் போய்ச் சேரமாட்டார், அப்போதும் பஸ் போகும். நுஹ்மான் மனைவியைப் பார்த்தார். மஸீஹா கூரையைப் பார்த்தாள்.

பஸ்லாதான் போய் விரிப்பை இழுத்தாள்.

"வாப்பா, சாவியை எடுங்க."

வைக்கோல் உதிர உதிர வண்டி வெளியே வந்தது. பசுவும் விடாமல் பின்னாலேயே வந்தது.

"மன்னிச்சிருங்க மிஸ். பொய் சொல்லிட்டேன். என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்க, அந்தக் கையை மட்டும் தூக்கிருங்க. ஏறுங்க, ஒன்றரைக்குள்ள நாவுலயில இறக்கி விடுறேன்."

சிரிப்பார், அல்லது ஏசுவார் என்று எதிர்பார்த்தால், மேனகா நெளிந்தார். "வேணாம் நானா... நான் நடந்தே..." என்று இழுத்தார். அதற்குள் பஸ்லா அவருடைய பையை வாங்கி சீட்டில் வைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் ஏறிக்கொண்டார்.

வண்டி சேற்றில் ஆடி ஆடிப் போனது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கவே நுஹ்மானுக்கு வெட்கமாக இருந்தது.

"கவலைப்படாதீங்க நானா" என்றார் மேனகா. "அறுபது வீட்டுக்கு ஒரு த்ரீவீலர் எப்படிக் காணும்? பஸ்ஸுக்குத்தான் கை தூக்குவேன்."

நுஹ்மானின் கண் கலங்கிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! இந்தச் சேத்துல அவ்வளவு தூரம் நடந்து வந்த உங்ககிட்டப் போய் நான் பொய் சொன்னேனே மிஸ்!"

மேனகா தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அந்த வளைவுல கொஞ்சம் நிப்பாட்டுங்க நானா... செடிப் பத்தைக்குள்ள என் காரு நிக்குது."