கேள்விக்குக் கீழே

"யாரைக் கேட்டு என் மெயிலை வெட்டினீங்க?"

மேனேஜர் போட்ட சத்தத்தில் கதவுக் கம்பெனி ஆபீஸே எட்டிப் பார்த்தது.

கிளார்க் அம்மா அசரவில்லை. "தேவையானதை மட்டும் வச்சேன் சார்."

மேனேஜரின் ஆபீஸில் ஒரே சட்டம். பதில் மேலே, வந்த மெயில் முழுசாகக் கீழே. இந்த அம்மாவோ ஒவ்வொரு கேள்வியாக நிறுத்தி, அதனதன் கீழே பதில் எழுதுவார். மிச்சத்தை வெட்டிவிடுவார். சொல்லிச் சொல்லி மேனேஜருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அதுவும் இன்றைக்கா! ஆஸ்பத்திரிக்குப் போன அறுபது கதவும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. 'கஸ்டமர் பாராட்டுகிறார். இவ்வளவு தெளிவாகப் பதில் எழுதியது யார்?' என்று முதலாளியே கேட்டு எழுதியிருந்தார்.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. 'அடியேன்தான்' என்று தட்டுவதற்கு முன், தன் பதிலை ஒருமுறை ரசிக்கலாமே என்று கஸ்டமருக்குப் போன மெயிலைத் திறந்தார். அடியில் பெயர் மட்டும் அவருடையது. அனுப்பச் சொல்லி அம்மாவிடம் அவர் எழுதிக் கொடுத்த ஒரு சொல்கூட அதில் இல்லை. அதற்குத்தான் இந்தச் சத்தம்.

"ஏதோ தப்பை மறைச்சிருக்கீங்க. உங்களை குடோனுக்கு மாத்தறேனா இல்லையா பாருங்க!"

"மாத்துங்க சார்." அம்மா குரலைத் தாழ்த்தினார். "ஆனா நீங்க எழுதிக் கொடுத்ததை இங்க திறக்காதீங்க. உங்க ரூம்ல போய்ப் பாருங்க."

விறுவிறுவென்று போய்த் திறந்தார்.

கஸ்டமர் மூன்று கேள்வி கேட்டிருந்தார். இரண்டாவது: 'கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?'

எல்லாவற்றுக்கும் மேலே, அவரே தட்டிய ஒரே வரி: 'சரி. ஆமாம். அப்படியே செய்யலாம்.'

உள்ளேயா வெளியேயா என்றால், ஆமாமா!

அட கடவுளே. இது போயிருந்தால் அறுபதும் திரும்பி வந்திருக்கும். அந்த அம்மா பட்டறைக்கே போய்ப் பார்த்து, அந்தக் கேள்விக்கு நேர் கீழே 'வெளிப்பக்கம்' என்று எழுதியிருந்தார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

முதலாளியின் மெயில் காத்திருந்தது. வழக்கம்போல மேலே போன கர்சரை இறக்கி, அவர் கேட்ட கேள்விக்குக் கீழே வைத்தார்.

'நான் இல்லை சார், எங்க கிளார்க் அம்மா. நான் எழுதினதை வெட்டி என் மானத்தைக் காப்பாத்தினவங்க.'

நகல்: ஆபீஸில் எல்லாருக்கும்.