அவள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்க லா. அவ முகம் முழுசாத் தெரியணும்," என்றார் கதிரேசன். மனைவியைத் தோளைப் பிடித்து சிங்க் முன்னால் நிறுத்தி, அவள் முகத்துக்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.

உமாமகேஸ்வரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வீடு அலங்கரிக்கும் தொழிலில் எத்தனையோ புருஷன்மாரைப் பார்த்தாயிற்று. ஹாலுக்குச் சரவிளக்கு கேட்பார்கள், டிவிக்குப் பின்னால் கலர் லைட் கேட்பார்கள். பாத்திரம் கழுவும்போது பெண்டாட்டி முகம் பார்த்துக்கொள்ள அலங்காரக் கண்ணாடி கேட்ட புண்ணியவானை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

சிங்கப்பூரின் தோ பாயோவில் பழைய மூவறை வீடு அது. வாசல் பக்கம் வட்டமாக ஒன்று, நடையில் நீளமாக ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு கண்ணாடி மாட்டியாகிவிட்டது. சின்ன வீட்டைப் பெரிசாகக் காட்ட கண்ணாடியை விட்டால் வேறு வழியில்லை என்று தன் கம்பெனி விளம்பரத்தில் எழுதியவளே உமாதான்.

ஆனால் மனுஷர் கொஞ்சம் கெத்து. டேப்பைப் பிடித்துக் குனிந்தபடியே, "அண்ணே, ஃபிரேம் தங்கக் கலரா, வெள்ளியா?" என்று இரண்டு தரம் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டதும், "தங்கக் கலர். சுந்தரிக்கு அதான் பிடிக்கும்," என்று டக்கென்று சொன்னார். அந்தச் சுந்தரி, முழுப்பெயர் சிவகாமசுந்தரி, பக்கத்தில்தான் நின்றாள்.

உமாவின் ஆட்கள் கண்ணாடியை மாட்டிவிட்டு ஜூரோங்கில் அடுத்த வேலைக்குக் கிளம்பினார்கள். கதிரேசன் அவர்களை வெளியே அனுப்பி, கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஹால் சோபாவில் போய் உட்கார்ந்தார். கண்ணாடி மேல் ஒட்டியிருந்த நீலத் தாளை உரித்துத் துடைப்பதுதான் பாக்கி. உமா ஒரு மூலையை நகத்தால் கிளப்பினாள்.

"அக்கா, என் பக்கம் திரும்பாதீங்க. வேலையைப் பாத்துக்கிட்டே கேளுங்க."

சுந்தரிதான் பேசினாள். ஹாலுக்கு முதுகைக் காட்டி, சிங்க் முன்னால் ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"என்னை இவரு தனியா வெளிய விடறதில்லக்கா. ஃபோன் கெடையாது. மன்னார்குடியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து இந்த கேட் பூட்டியேதான் இருக்கு." சுடிதாரின் கையைச் சற்று மேலே தள்ளினாள். முழங்கைக்கு மேல் வரிசையாகச் சூட்டுத் தழும்புகள்.

அடப்பாவி, இவனையா புண்ணியவான் என்று நினைத்தேன்!

"மெதுவாப் பேசும்மா. ஹாலுக்குக் கேட்டுடப் போகுது."

"அவருக்குக் காது கேக்காதுக்கா. ஷிப்யார்ட் சத்தத்துல ரெண்டு காதும் போயிடுச்சு."

"அப்ப இப்பவே போலீஸுக்கு ஃபோன் போடறேன்."

"ஐயோ, வேணாங்க்கா! போலீஸ் வந்து அந்தக் கேட்டைத் தெறக்கறதுக்குள்ள என்னைக் கொன்னே போட்டுருவாரு." தட்டை மறுபக்கம் திருப்பிக் கழுவினாள். "கையை நிறுத்தாதீங்க. சும்மா நின்னா சந்தேகப்படுவாரு."

உமா தாளைப் பிடித்து இழுத்தாள். நல்ல பசை, சுலபத்தில் வரவில்லை. பார்வையைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, "சொல்லு, நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"பாஸ்போர்ட்டை அலமாரியிலேர்ந்து எடுத்துட்டேன். இடுப்புல சொருகி வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமை மட்டும் மட்டன் வாங்க தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு. கறியைப் பாத்து வெட்டச் சொல்றப்பதான் என் கையை விடுவாரு. அப்ப ஓடி வந்துருவேன். நீங்க எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்ல டாக்ஸியோட நிக்கணும்."

அவள் சொல்லச் சொல்ல உமாவின் கைகள் இழுத்துக்கொண்டே இருந்தன. தாள் மேலிருந்து கீழாகச் சுருண்டு வந்தது. சுந்தரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் சொட்டுச் சொட்டாய் அதில் விழுந்தது.

"நிக்கறேன். சத்தியமா நிக்கறேன்." உமா தாளை இன்னும் வேகமாக இழுத்தாள். "உன்னை ஏத்திக்காம அந்த எடத்தை விட்டு நகர மாட்டேன், போதுமா?"

"உங்களை விட்டா இந்த ஊர்ல எனக்கு யாரும் இல்லக்கா."

கடைசித் துண்டும் கழன்று வந்தது. உமா தாளைச் சுருட்டிக் கீழே போட்டாள். மெல்லிய துணியை எடுத்துத் துடைக்கப் போனவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதில் அவள் முகமும் சுந்தரியின் முகமும் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவே, பின்னால், ஹால் சோபா தெரிந்தது. கதிரேசன் டிவியைப் பார்க்கவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியில் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுந்தரியும் தலை தூக்கினாள். தட்டு கை நழுவி சிங்கில் விழுந்து உருண்டது.

அந்தச் சத்தத்துக்கு அவர் கண்கூட இமைக்கவில்லை. மெதுவாக எழுந்தார், சட்டைப் பையைத் தடவிச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார், பிறகு பிரியமாகச் சொன்னார்:

"சுந்தரி, இந்த ஞாயித்துக்கெழமை நமக்கு மட்டன் வேணாம்."